முதல் மேசை அக்கா

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுக்கு மெத்தை, கைக்குத் தாங்கல். எங்கள் பார்வையறைக்கு இப்படி நாலு நாற்காலி வாங்கித் தாருங்கள் என்று நான் நடையாய் நடந்திருக்கிறேன். கடைசிவரை பிளாஸ்டிக் நாற்காலிதான். போர்ப் படங்களைப் பார்த்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் முதுகெலும்பு என்று ஒன்று இருக்கும் என்பது மேலிடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் இடத்தைச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

தொலைக்காட்சி நிலையத்தின் பின்கட்டடத்தில், படியேறியதும் இடது கைப்பக்கம் எங்கள் பார்வையறை. நிலையம் இத்தனை வருடங்களில் எடுத்த ஆவணப்படங்கள் எல்லாம் கீழே நிலவறையில் டேப்புகளாக அடுக்கிக் கிடக்கும். யார் வந்து கேட்டாலும் எடுத்து வந்து போட்டுக் காட்ட வேண்டும். அந்த அறைக்கு நான் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். டேப்பைப் போடுவதும் நான், தூசியைத் துடைப்பதும் நான், ‘சார், சத்தம் வரலையே’ என்று யாராவது கூப்பிட்டால் ஓடுவதும் நான்.

போர் முடிந்த கையோடு நிலையம் ஒரு தொடர் எடுத்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்கள். அது பழைய அகல டேப்பில் இருந்தது, ஒரே பிரதி, மறுஒளிபரப்புக்கும் அதுதான் போய் வரும். அந்த டேப்பை ஓட்டும் இயந்திரம் எங்களிடம் ஒன்றே ஒன்று, முதல் மேசையில். மற்ற மேசைகளில் இருந்தவை பிறகு வந்த டேப்புகளுக்கானவை. ஆக, போரை ஆராய வந்தவர்கள் எல்லாரும் முதல் மேசைக்காக வரிசையில் காத்திருக்க வேண்டும். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கே பாவமாக இருக்கும்.

பல் டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் கேட்ட முதல் மேசை அக்கா அங்கிருந்துதான் நேராக வந்தார்.

வந்த அன்று ஒரு கன்னம் வீங்கியிருந்தது. டாக்டர் கூப்பிடும் வரை அங்கே மாட்டியிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் தொடரின் மூன்றாம் பாகம் மறுஒளிபரப்பு. பார்த்துக்கொண்டே இருந்தவர், பல்லைப் பிடுங்காமல் எழுந்து, விசாரித்து விசாரித்து எங்கள் படியேறிவிட்டார்.

“தம்பி, இன்னிக்கு டிவில ஒரு சண்டைப் படம் போட்டீங்க. அதுல எங்க வீட்டுக்காரர் வர்றார். இன்னொரு தடவை பாக்கணும்.”

“அக்கா, இது ஆராய்ச்சி பண்றவங்களுக்கான இடம்.”

“நானும் ஆராயத்தான் வந்திருக்கேன், அவர்தானான்னு” என்றார், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

விதிப்படி அவரைத் தடுக்க வழியில்லை. முதல் மேசையில் உட்கார வைத்து டேப்பைப் போட்டேன்.

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்ததில்லை. இனிமேலும் பார்க்க முடியாது. அதனால் சொல்கிறேன். ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே தலைமேல் கைவைத்தபடி ஆண்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். கேமரா பின்னாலிருந்து எடுத்திருக்கிறது, முதுகுகள்தான் தெரியும். வரிசையின் நடுவில் ஒருவர் சட்டென்று ஒரு கையைக் கீழே இறக்கி, நழுவும் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொள்கிறார். பக்கத்தில் நிற்கும் சின்ன வயதுச் சிப்பாய் பதறிப்போய்த் துப்பாக்கியைத் தூக்குகிறான். அவர் ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுக் கையை மறுபடி தலைமேல் வைத்துக்கொண்டு நடக்கிறார். அவ்வளவுதான். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

அக்கா அழுவார் என்று நினைத்து நான் தண்ணீரோடு நின்றேன். அவர் சிரித்தார், ஐயா. வீங்கிய கன்னத்தோடு, வலியோடு, அப்படி ஒரு சிரிப்பு.

“பாத்தீங்களா! பெல்ட் போடுங்க, பெல்ட் போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துவேன். கேட்டாத்தானே! பாக்கெட் நிறைய ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர். அந்தக் கனத்துக்கு பேன்ட்டு எப்படி நிக்கும்? இப்போ பாக்கெட்ல ஒண்ணுமே இல்ல. இருந்தும் கை போகுது பாருங்க.”

அவர் கணவர் எலக்ட்ரீஷியன். போரின் கடைசி நாட்களில் தண்ணீர் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை, குண்டு விழுந்து போயிருப்பார் என்று அரசாங்கம் அக்காவுக்குப் பதில் சொல்லியிருந்தது. வீடு எரிந்ததில் கல்யாணப் படம் முதற்கொண்டு எல்லாம் போய்விட்டது. ஆக, உலகத்தில் அந்த மனிதரின் உருவம் என்று மிச்சம் இருந்தது எங்கள் டேப்பில் இருந்த முதுகு மட்டும்தான். இதை நான் அப்போதே தெரிந்துகொண்டேன். தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அக்காவுக்குப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. காலைச் சவாரி முடிந்ததும் எங்களிடம் வந்துவிடுவார். பிள்ளைகளைத் திரும்ப ஏற்றும் நேரம் வரை இருப்பார். தினமும். முழுப் படத்தையும் போடச் சொல்வார். “நேரா அவர்கிட்டயே போயிட்டா நல்லா இருக்காது தம்பி, வந்துட்டிருக்கார்னு காத்திருக்கணும்” என்பார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி, மறுபடி.

காதில் ஹெட்ஃபோன் போட்டவர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்குக் கேட்பதில்லை. அக்காவுக்கோ பேருந்து நிறையப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். திரையைப் பார்த்து அறை முழுக்கக் கேட்கும்படி பேசுவார். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியது, எந்தப் பிள்ளை பேருந்தில் வாந்தி எடுத்தது. பேசிவிட்டுக் கடைசியில், “இழுத்து விட்டாச்சா? ம், நடங்க” என்பார்.

மற்றவர்கள் பாடு திண்டாட்டம். அதிலும் தினமும் வரும் ஒரு பேராசிரியர், கனத்த கண்ணாடி போட்டவர், போர் உத்திகளைப் பற்றி வருடக்கணக்காகப் புத்தகம் எழுதிக்கொண்டிருப்பவர், என்னிடம் வந்து பல்லைக் கடித்தார்.

“இங்க பாருங்க. பீரங்கிப் படை எப்படி நகர்ந்துச்சுன்னு நான் எழுதிட்டிருக்கேன். இந்த அம்மா வாடகை ஏறுன கதையைச் சொல்றாங்க. என் அத்தியாயத்துல வீட்டுக்காரர் வந்துட்டார் சார்!”

அக்காவைத் தணிந்த குரலில் பேசச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காகத்தான் என் நாற்காலியை முதல் மேசைக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். குரல் உயரும்போது மெதுவாகக் கையைக் காட்டினால் போதும் என்று. வேறு காரணம் எதுவும் இல்லை. அப்படி உட்கார்ந்ததில் அவர் எப்போது சிரிப்பார், சிரிப்பதற்கு முன் எப்படி உதட்டைக் கடித்துக்கொள்வார் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. அது வேலையின் பகுதி. பார்வையாளர்களைக் கவனிக்கத்தானே சம்பளம்.

ஒருநாள் அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு தயங்கினார்.

“ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேனே தம்பி. வீட்ல வெச்சுக்க.”

படம் எடுக்கக் கூடாது என்பது விதி. நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த விதியை நான் எத்தனையோ தடவை தளர்த்தியிருக்கிறேன் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுக்குக் கையில் படம் இருந்தால் புத்தகம் வரும். இவருக்குக் கையில் படம் இருந்தால் இவர் வரமாட்டார். அதாவது, மற்ற படங்களைப் பார்க்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைக்காமல் போய்விடும்.

அந்தச் சமயத்தில் நான் கொஞ்சம் ஒழுங்காக உடுத்தத் தொடங்கியிருந்தேன். என் மனைவிக்குக் கேலி செய்ய வேறு விஷயம் கிடைக்காது.

“என்ன, ஆபீசுக்கு சென்ட்டெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போறீங்க? டேப்புக்கு மூக்கு முளைச்சிருச்சா?”

“பொதுமக்கள் வர்ற இடம். வாடை அடிச்சா நல்லாருக்குமா?”

“இத்தனை வருஷமா பொதுமக்கள் மூக்கைப் பொத்திக்கிட்டா வந்தாங்க?” என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துகொண்டாள். நல்லவள். நான் எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. என் முதுகை மட்டும் காட்டி, இது யார் என்று கேட்டால் என்ன சொல்வாள் என்று சில சமயம் நான் யோசித்ததுண்டு. அது வெறும் யோசனை.

இனி ஒரு சின்ன விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் பிறகு கேட்பீர்கள், பேராசிரியர் பார்த்திருக்கிறார். ஒருநாள் பெல்ட் போட மறந்து வேலைக்குப் போய்விட்டேன். டேப்பைக் கொண்டுவந்து வைக்கும்போது பேன்ட் நழுவுகிற மாதிரி இருந்தது. திரைக்கு முன்னால் நின்று ஒரு கையால் இழுத்து விட்டுக்கொண்டேன். வேடிக்கையாக இருக்குமே என்று.

அக்கா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார்.

“தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது” என்றார்.

தள்ளி நின்றேன்.

கம்ப்யூட்டர்த் திட்டத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. இரண்டும் அடுத்தடுத்து வருவது தற்செயல்.

நிலையத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர் அம்மாவுக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. பழைய டேப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் எந்த மேசையிலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார். போர்த் தொடரைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். ஆராய்ச்சியாளர்களுக்கு வழி திறக்க வேண்டும். “உங்களைவிட இந்தப் படங்களைத் தெரிஞ்சவங்க யாரு சார் இருக்காங்க?” என்று பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். அந்த வார்த்தைக்காகவே உயிரைக் கொடுத்து உழைத்தேன், ஐயா. அதற்கு முன்னால் எங்கள் அட்டவணையில் ஒரு படத்தைப் பற்றி ‘போர், மூன்றாம் பாகம்’ என்றுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எதைத் தேடுவது? நான் ஒவ்வொரு காட்சியாகப் பார்த்து எழுதினேன். பாலம், பதுங்குகுழி, மருத்துவமனை வாசல், எரிந்த டிராக்டர், தண்ணீர்த் தொட்டி. ஒரு சொல்லைத் தட்டினால் அந்தக் காட்சி வந்து நிற்கும். முன்பு ஒரு வாரம் தேடியதை இப்போது ஒரு தும்மல் போடுவதற்குள் எடுத்துவிடலாம். பல்கலைக்கழகங்களிலிருந்து பாராட்டு வந்தது. இது என் சாதனை. இதைக் குற்றப் பத்திரிகையில் எந்த இடத்திலாவது குறிப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாம் பாகத்தை ஏற்றும்போது அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன்.

எப்படி என்று கேட்டீர்கள். கஷ்டமே இல்லை. பின்னணியில் பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்குகிறார், அங்கே வெட்டினேன். அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் இடத்தில் ஒட்டினேன். தொட்டி தெரிகிறது, பிறகு காலிச் சாலை தெரிகிறது. நடுவில் யாரும் நடந்து போகவில்லை. ஒட்டுப் போட்டது உங்கள் நிபுணருக்கே முதலில் தெரியவில்லையாம். இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்கு அந்த அளவு கைவராமலா போகும்? பிறகு அசல் டேப்பில் பூஞ்சை பிடித்துவிட்டது, உதவாது என்று சான்று கொடுத்து, அழிக்க வேண்டியவற்றோடு நிலவறையில் வைத்தேன்.

ஏன் என்றால், அக்காவின் நன்மைக்காக. ஒரு மனுஷி தன் வாழ்நாளை ஒரு முதுகின் முன்னால் உட்கார்ந்து கழிக்கலாமா? அந்த முதுகு திரும்பப் போவதுமில்லை. கூடவே ஆராய்ச்சியாளர்களின் நன்மைக்காகவும். சத்தம் நிற்கும், நாற்காலி காலியாகும். ஒரே வெட்டில் எல்லாருக்கும் நல்லது.

புதிய கம்ப்யூட்டர்கள் வந்த அன்று அக்காவுக்கு நானே மேசையைத் துடைத்து, மெத்தென்ற ஹெட்ஃபோனாகத் தேடி எடுத்து வைத்தேன். இரண்டு கோப்பைத் தேநீரும் வாங்கி வைத்திருந்தேன். படம் ஓடியது. தொட்டி வந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். காலிச் சாலை வந்தது.

சிரிக்கத் தயாராக இருந்த முகம் அப்படியே நின்றது.

பின்னால் ஓட்டினார். பார்த்தார். மறுபடி ஓட்டினார். ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“தம்பி, இது வேற படமா?”

“அதே படம்தான் அக்கா. மூணாம் பாகம்.”

“அவரைக் காணோமே.”

“யாரைக்கா?”

அப்படித்தான் கேட்டேன். நிதானமாக. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரரை. தொட்டிக்குக் கீழ நடந்து போவாரே.”

“அக்கா, அந்த டேப்பை உங்களுக்கு நான்தான் போட்டுப் போட்டுக் காட்டினேன். தொட்டிக்கு அப்புறம் எப்பவும் வெறும் ரோடுதான். நீங்க சொல்றப்ப நான் குறுக்கே பேச வேணாம்னு இருந்தேன்.”

“நீங்களும் பாத்தீங்களே தம்பி. நீங்களும் சிரிச்சீங்களே.”

“நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். அவ்வளவுதான் அக்கா.”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துப் பார்த்தார். அங்கே தூசி ஏதும் இல்லை, நான் காலையில்தான் துடைத்திருந்தேன். தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன். ஆறட்டும் என்றார். ஆறிப் போயிற்று.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வந்தார். வேறு பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதாவது, முதல் தடவையாக எங்கள் சேகரிப்பை முழுமையாகப் பயன்படுத்தினார். பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. கண்ணாடிப் பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நன்றி சார், பீரங்கி நகர ஆரம்பிச்சிருச்சு” என்றார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று அக்காவிடம் பேச்சுக் கொடுப்பேன். ‘ம்’ என்பார். முன்பு திரைக்குச் சொன்னதில் பாதியைக்கூட என்னிடம் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

கடைசியாக வந்த அன்று எழுந்து நின்று கேட்டார்.

“அப்போ, நானாத்தான் நெனச்சுக்கிட்டேனா தம்பி?”

“அப்படித்தான் இருக்கும் அக்கா. மனசு படுத்துற பாடு.”

“பல் வலி வேற அன்னிக்கு” என்றார். படியில் இறங்கும்போது, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் அது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். பிறகு வரவில்லை.

கொஞ்ச நாளில் ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். சின்னப் பெண். காணாமல் போனவர்களைப் பற்றி ஆராய்கிறவர். தொலைதூரத்தில் உட்கார்ந்து என் அட்டவணையில் ‘தண்ணீர்த் தொட்டி’ என்று தட்டி, மூன்றாம் பாகத்தைக் கண்டுபிடித்து, பேருந்து ஏறி வந்திருந்தார். என் திட்டம் வேலை செய்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“சார், அந்தத் தொடருக்கு கேமரா பிடிச்சவர் சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னார். தொட்டிக்குக் கீழ கைதிங்க உயிரோட நடந்து போறதை எடுத்திருக்கேன்னு. யாரையுமே பிடிக்கலைன்னு அரசாங்கம் சொல்லுதுல்ல? அந்த ஒரு காட்சி போதும் சார். ஆனா இதுல தொட்டி இருக்கு, ஆளுங்க இல்ல. அசல் டேப்பைப் பாக்கலாமா?”

“அசல் பூஞ்சை பிடிச்சு வீணாப் போச்சும்மா. அழிச்சாச்சு.”

“யாராவது அதைப் பாத்திருப்பாங்களா சார்?”

“எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு காட்சி இல்லம்மா.”

அந்தப் பெண் கலங்கிய கண்ணோடு வராந்தாவில் நின்றபோது கண்ணாடிப் பேராசிரியர் அந்த வழியாக வந்தார். என்னம்மா என்று கேட்டிருக்கிறார். கேட்டதும் அவருக்குப் பொங்கிவிட்டது.

“காட்சி இல்லையா? யாரு சொன்னா? வருஷம் பூரா என் உயிரை எடுத்த காட்சிம்மா அது! பேன்ட்டை இழுத்து விடுவார், சிப்பாய் துப்பாக்கியைத் தூக்குவான், இவர் தலையை ஆட்டுவார். அந்த அம்மா போட்ட சத்தத்துல எட்டிப் பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடம். என் புத்தகம் மறந்துபோகும், அது மறக்காது.”

அவரை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். பீரங்கிகளை மட்டும்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இருவருமாக அக்காவைத் தேடிப் போயிருக்கிறார்கள். அக்கா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சொன்னாராம்: “அப்படி எதுவும் இல்லம்மா. நான்தான் தப்பா பாத்துட்டேன். அங்க ஒரு தம்பி இருக்கார், நல்ல மனுஷன், பொறுமையா எடுத்துச் சொன்னார்.” பேராசிரியர் எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லையாம். தன் கண்ணால் பார்த்ததை அக்காவே நம்பவில்லை. என் வார்த்தையை நம்பினார். இதை உங்கள் ஆட்கள் எனக்கு எதிரான சாட்சியமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் நம்மை இந்த அளவு நம்பினால் அது எப்படி எதிரான சாட்சியம் ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒளிபரப்புப் பிரிவின் குறிப்பில் இருந்த படத்தின் நீளமும் கம்ப்யூட்டரில் இருப்பதன் நீளமும் ஒத்துவரவில்லை. இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டதும் ஒப்புக்கொண்டேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நீங்கள் முதல் நாளிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். எல்லாப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் வரிசையே கிடையாதே, எந்த நாற்காலிக்கும் போட்டி இல்லையே, சத்தம்தான் பிரச்சினை என்றால் அக்காவுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்திருந்தால் வீட்டிலேயே சிரித்துக்கொண்டிருப்பாரே, பிறகு எதற்கு வெட்டினாய் என்று. நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். ஆராய்ச்சியாளர்களின் நன்மைக்காக என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. மறைத்தேன் என்று வரக் கூடாது, அதனால் நானே சொல்கிறேன். அந்தச் சின்னப் பெண் வந்து அசல் டேப்பைக் கேட்டாரே, அன்றைக்கு அது அழிந்துபோயிருக்கவில்லை. அழிக்கும் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. எங்கள் இருவரின் காலுக்குக் கீழே, நிலவறையில், பத்திரமாக இருந்தது. பூஞ்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் போன பிறகு கீழே இறங்கினேன். டேப்பை அதன் பெட்டியிலிருந்து எடுத்தேன். வண்டிக்குக் காத்திருக்கவில்லை. காந்தம் வைத்து அழிக்கும் இயந்திரம் அங்கேயே உண்டு. அதில் நானே வைத்து, இரண்டு தடவை ஓட்டினேன். ஒரு தடவையே போதும். போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமா என்று தோன்றியது. அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று அக்காவை இந்த அறைக்குக் கூட்டி வந்தீர்கள். எனக்கு நேர் எதிரே உட்கார வைத்தீர்கள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நடந்து போனாரா இல்லையா தம்பி?”

“போனார் அக்கா” என்றேன்.

என்னைப் பார்த்தார். இத்தனை காலத்தில் ஒருநாளும் இல்லாத மாதிரி, கண்ணை எடுக்காமல், வேறு எதையும் பார்க்காமல், நீங்கள் வந்து தோளைத் தொட்டு எழுப்பும் வரை என்னை மட்டுமே பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டு உங்களுக்கே உடம்பு நடுங்கிவிட்டது என்று பிறகு சொன்னீர்கள். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தீர்கள், ஐயா. எனக்குத்தான் நேராகத் தெரிந்தது.